பேசண்ட் யாருங்க?

குடிங்க, குடிங்க. என்னயப் பாத்துட்டு நிறுத்தாதீங்க. எலுமிச்சம்பழ வாசன போட்டிருக்குதுன்னு அந்த சிஸ்டர் புள்ள சொல்லுச்சே, இருக்குதுங்களா? உங்க மூஞ்சியப் பாத்தா எலுமிச்ச தெரியல. பரவால்ல, மூக்கப் புடிச்சுட்டு ஒரே மடக்கா விடுங்க. இந்தப் பேதி மருந்துப் பாட்டிலு முழுசும் உள்ள போயி, உள்ள இருக்கறதெல்லாம் வெளிய போயி, கடைசீல பச்சத்தண்ணி கணக்கா வந்தாத்தான் கேமராவ உள்ள விட்டுக் கொடலப் பாப்பாங்களாமா. நானும் குடிப்பனுங்க. கொஞ்சம் ஆறட்டும்னு வெச்சிருக்கறேன்.

சூடா இல்லதான். பச்சத்தண்ணிலதான் கலக்கிக் குடுத்தாங்க. இருந்தாலும் ஆறட்டும்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. பல்லடத்துக்கு அக்கட்டால ஒரு ஊரு. மில்லுல பாய்லர் பாக்கறேன். பத்தாவது பாஸு, நைட் ஸ்கூல்ல. மில்லுக்காரங்களே நடத்துனது. சயின்ஸ்ல எனக்கு நல்ல மார்க்குங்க. சீரண மண்டலம் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கன்னு கேட்டிருந்தாங்க. பெருங்குடல நான் போட்ட மாதிரி எங்க வகுப்புலயே ஆரும் போடல. சாரு அத எல்லாத்துக்கும் தூக்கிக் காட்டுனாரு. படம் போட்டுப் பாஸான ஆளுக்குக் கேமரா எதுக்குங்க, சொல்லுங்க?

நான் நோயாளியா இங்க வரலீங்க. அத மொதல்லயே சொல்லிப்போடறேன். அதோ, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் பெஞ்சுல ஒருத்தரு துண்ட மடியில வெச்சுட்டு உக்காந்திருக்காரு பாருங்க. ஆ, இப்ப எட்டிப் பாக்கறாரே, அவருதான். என்ற மச்சான். ஊட்டுக்காரியோட அண்ணன், நாச்சிமுத்து. அவரோட மனத் திருப்திக்காக நான் வந்து உக்காந்திருக்கறேன். அவ்வளவுதான்.

அவரப் பத்திச் சொன்னா இந்தப் பாட்டிலு உங்களுக்குத் தெரியாமயே எறங்கிரும்.

பால் சொசைட்டில செக்ரட்டரியா இருந்து ரிட்டயர்டு ஆன மனுசன். பால அளக்கறது, கொழுப்புப் பாக்கறது, தண்ணி ஊத்திருக்கறாங்களான்னு கண்டுபுடிக்கறது, இதே பொழப்பா இருந்துட்டாரு. ரிட்டயர்டு ஆனதும் அளக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே. கை சும்மா இருக்குமா? சொந்த வயித்த அளக்க ஆரம்பிச்சுட்டாரு.

வெளிக்குப் போறது ஒலகத்துல எல்லாரும் போறதுதானுங்க. போறோம், வாறோம், கை கழுவறோம், சோலியப் பாக்கறோம். இவரு அப்பிடி இல்ல. போயிட்டு வந்து அறிக்க விடுவாரு. எங்க சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் ஒரு வாட்சப் குரூப்பு இருக்குதுங்க. கல்யாணப் பத்திரிக்க, சாவுச் செய்தி, பொறந்தநாளு இதெல்லாம் போடறதுக்கு. விடிஞ்சும் விடியாம அதுல இவரு குரலு வரும். "எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நல்லபடியாப் போச்சு. கொஞ்சம் இறுகல். நேத்து பரோட்டாத் தின்னதோட வெனை." அதுக்கு நாலு பொம்பளைக கையெடுத்துக் கும்புடற படம் போடுவாங்க. எதுக்குக் கும்புடறாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒறம்பரையாப் போனா எல போடுவாங்க. எல போட்டதும் இவரு பேச்சு ஆரம்பிச்சுரும். கருணக்கெழங்கப் பாத்தா ஒண்ணு சொல்லுவாரு, கீரயப் பாத்தா ஒண்ணு சொல்லுவாரு. "இத நல்லாத் தின்னுங்க மாப்ள, நாளைக்கு வழுக்கிட்டுப் போகும்"பாரு. வாயில வெச்சத முழுங்கறதா துப்பறதான்னு தெரியாம உக்காந்திருப்போம். டாக்டருகிட்டப் போனா, உள்ள போனவரு வெளிய வர மாட்டாரு. அடுத்த டோக்கன்காரங்கெல்லாம் வெளிய நின்னு திட்டுவாங்க. டாக்டரே எந்திரிச்சு நின்னு கும்புட்டு அனுப்பி வெப்பாரு. இவரு அத மரியாதன்னு நெனச்சுக்குவாரு.

நான் அப்பிடி இல்லீங்க. எனக்கு வேண்டாத பேச்சுப் புடிக்காது.

அப்ப நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கறேன்னு கேக்கறீங்க. வர்றேன், வர்றேன்.

மாசி மாசத்துல எனக்குக் கொஞ்சம் சூடு புடிச்சுதுங்க. பாய்லர்கிட்ட நிக்கறவனுக்குச் சூடு புடிக்காம குளுரா புடிக்கும்? போறப்ப கொஞ்சம் செவப்பாத் தெரிஞ்சுது. சரி, சூடுதான்னு மோரு குடிச்சேன். வெந்தயத்த ஊற வெச்சுத் தின்னேன். சனிக்கெழம சனிக்கெழம எண்ண தேச்சுத் தண்ணி வாத்தேன். பங்குனியும் போச்சு. சூடு போகல. பங்குனில வெயிலு எச்சு பாருங்க, எப்பிடிப் போகும்?

ஊட்டுக்காரிகிட்டச் சொன்னீங்களான்னா? மரகதத்துகிட்டயா? எதுக்குங்க? சொன்னா அவ அவங்கண்ணன்கிட்டச் சொல்லுவா. அவங்கண்ணன் குரூப்புல சொல்லுவாரு. நாலு பொம்பளைக என்னயக் கையெடுத்துக் கும்புடுவாங்க. தேவையா எனக்கு?

டாக்டருகிட்டப் போகாம இல்ல. போனேன். எங்கூர்ல ஒரு டாக்டரு இருக்கறாரு. தங்கமான மனுசன். ஒண்ணுமே கேக்க மாட்டாரு. "கொஞ்சம் சூடுங்க டாக்டர்"னேன். சூட்டுக்கு மாத்தர எழுதிக் குடுத்துட்டாரு. எங்க, எப்ப, எப்பிடி, என்ன கலருன்னு ஒரு வார்த்த? அவருதானுங்க டாக்டரு. சூடுன்னு சொன்னா சூட்டுக்கு வைத்தியம். நாம என்ன சொல்றமோ அதுக்குத்தானுங்க மருந்து.

மாத்தரைக்கும் அது கேக்கல. அது வேற.

எங்க மாமனாரும் இப்பிடித்தான். மச்சானோட ஐயன். சூடு சூடுன்னு சொல்லிக்கிட்டே எளநியாக் குடிச்சாரு. தோட்டத்துல காச்ச எளநி பூராவும் அவரு ஒருத்தருக்கே பத்தல. ஒடம்பு எளச்சுட்டே போச்சு. ஆருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல, கவுரவமான மனுசன். கடைசீல ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப, ஏன் இத்தன நாளு சும்மா இருந்தீங்கன்னு பையனப் புடிச்சு டாக்டரு திட்டுனாராமா. அந்தப் பையன் ஆருன்னு கேக்கறீங்களா? இந்த நாச்சிமுத்துதான். ஆனா அவருக்கு வந்தது வேறங்க. எனக்கு இருக்கறது சூடு.

என்னங்க, அரப் பாட்டிலு எறங்கிருச்சாட்ட? கெட்டிக்காரருங்க நீங்க. நானு? நானு ஆரம்பிக்கறேன். இந்தா, மூடியத் தொறந்துட்டேன் பாருங்க.

பாய்லரப் பத்தித் தெரியுமுங்களா உங்களுக்கு? பெரிய குண்டா, அவ்வளவுதான். தண்ணி கொதிக்கக் கொதிக்க உப்பு, சேறு எல்லாம் அடீல படியும். ஒவ்வொரு சிப்டுக்கும் அடி வால்வத் தொறந்து அந்தக் கசட வெளிய விட்டரோணும். வெளிய வர்ற தண்ணியோட கலரப் பாத்தே உள்ள என்ன நடக்குதுன்னு நான் சொல்லிருவேன். ஒருக்கா லேசாச் செவப்படிச்சுது. துரு. அன்னைக்கு நல்ல வேல ஓடிட்டிருக்குது. நான் ஒரு நிமிசம் யோசிக்கலீங்க, நெருப்ப இழுத்து அணச்சுப்போட்டேன். மில்லே நின்னுபோச்சு. தொறந்து பாத்தா ஒரு டியூப்பு அரிச்சுப் பப்படமா இருக்குது. ஓடறப்பவே பாத்தாத்தானுங்க, வெடிச்சதுக்கப்புறம் என்னத்தப் பாக்கறது?

ஏனுங்க அப்பிடி மொறச்சுப் பாக்கறீங்க? அது இரும்புங்க. இது ஒடம்பு. ஒடம்பு தானாச் செரியாயிக்கும்.

சரி, வெவகாரத்துக்கு வாறேன். சித்திரைல என்ற பேத்திக்குக் காதுகுத்து. கோயல்ல கெடா வெட்டி, பந்தல் போட்டு, நல்ல கூட்டம். சாப்புட்டு முடிச்சு ஆம்பளைகெல்லாம் பந்தலுக்குள்ள சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டோம். எங்க பக்கம் மச்சானும் மாப்பளையும் ஒருத்தர ஒருத்தர் கேலி பண்றது வழக்கமுங்க. பண்ணாட்டித்தான் ரண்டு பேருக்கும் என்ன மனஸ்தாபம்னு கேப்பாங்க. நான் மச்சான் மாதிரி பேசிக் காட்டறதுல கொஞ்சம் பேரு வாங்குன ஆளு. "மாமா, நம்ம நிலவரச் செய்தி போடுங்க"ன்னு எளவட்டம் கெளப்பி விட்டுட்டானுக.

மச்சான் துண்டையே வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டேன். கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிக்கிட்டேன். அவரும் பக்கத்துலதான் உக்காந்திருக்கறாரு, மூஞ்சியெல்லாம் சிரிப்பா. தன்னயப் பத்திப் பேசுனா அவருக்குச் சந்தோசமுங்க, என்ன பேசறாங்கங்கறது முக்கியமில்ல.

"எல்லாருக்கும் வணக்கம். நேத்து மாம்பழக் கலரு. இன்னிக்குக் கருணக்கெழங்குக் கலரு. காத்து கெழக்குப் பக்கமா வீசுது"ன்னு ஆரம்பிச்சேன். பந்தலே அதிருது. கெழவனுக பல்லுசெட்டப் புடிச்சுட்டுச் சிரிக்கறானுக. இன்னும், இன்னும்னு கத்தறானுக. நானும் மச்சான் சொன்னது, சொல்லாதது எல்லாம் சொல்லி முடிச்சாச்சு. சரக்குத் தீந்துபோச்சு. கூட்டம் விட மாட்டேங்குது. வாயில வந்ததச் சொன்னேன்.

"அன்பார்ந்த உறவினர்களே, கொஞ்ச நாளா பென்சில் கணக்கா மெலிசாப் போகுது. செவப்பாக் கோடு போட்ட பென்சிலு. போயிட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருக்கற மாதிரியே இருக்குது. திரும்பப் போனா ஒண்ணுமில்ல. பெல்ட்டுக்குப் புதுசா ஓட்ட போட்டாச்சு, சுங்கிடிச் சேல மாதிரி பேண்ட்டு கொசுவம் கொசுவமா நிக்குது!"

சிரிப்புன்னாச் சிரிப்பு அப்பிடி ஒரு சிரிப்பு. ஒருத்தன் சேரோட பின்னால விழுந்துட்டான்.

மச்சான் மட்டும் சிரிக்கல. என்ற இடுப்பப் பாத்துட்டிருந்தாரு.

கை கழுவற கொழாய்கிட்ட வந்து புடிச்சுக்கிட்டாருங்க.

"மாப்ள, மாம்பழம் என்னுது."

"ஆமாங் மச்சான்."

"கருணக்கெழங்கு என்னுது."

"ஆமாங்."

"அந்தப் பென்சிலு ஆருது?"

"அட, அது சும்மா கூடச் சேத்துக்கிட்டதுங்க. சிரிக்கறதுக்கு."

"சிரிக்கறதுக்குச் சேத்தா யானைம்பீங்க, பூசணிக்காம்பீங்க. பென்சிலுன்னு ஆருக்கு மாப்ள தோணும்? பாக்காத ஆளுக்கு அது தோணாது."

"மச்சான், பந்தலே சிரிச்சுது."

"நான் சிரிக்கல."

பாத்தீங்களா? பால்ல எத்தன தண்ணின்னு கண்டுபுடிக்கற புத்திய எங்க கொண்டாந்து வெக்கறாருன்னு பாத்தீங்களா? கேலிக்குப் பேசுனதக் கொண்டு போயிப் பரிசோதன பண்ற மனுசன நான் இப்பத்தான் பாக்கறேன். அப்பறம் பெல்ட்டத் தொட்டுப் பாத்தாரு. புது ஓட்டைல வெரல வெச்சுட்டு நின்னாரு. அவரு வாய மூடி நான் பாத்தது அன்னைக்குத்தான்.

நல்லவேளையா மரகதத்துகிட்டச் சொல்லல. குரூப்புலயும் போடல. அடுத்த நாளு போன் பண்ணி, "மாப்ள, எனக்கு வயிறு செரியில்ல, கோயமுத்தூர்ல பெரிய டாக்டரம்மாவப் பாக்கோணும், தொணைக்கு வாங்க"ன்னாரு. இவருக்கு வயிறு செரியில்லைங்கறது செய்தியா? ஆனா மச்சான் தொணைக்குக் கூப்புட்டு வரலீன்னு சொல்ல முடியுங்களா? சீக்குக்குத் தன்னால ஆசுபத்திரிக்குப் போறவன் எங்க பக்கம் கம்மி. தொணைக்குப் போறவந்தான் எச்சு. லீவு போட்டுட்டு வந்தேன்.

டாக்டரம்மா ரூமுக்குள்ள போனோம். ஒரு பொம்பளப் புள்ளதானுங்க. என்ற மகளை விடச் சின்னது. மேசைக்குப் பக்கத்துல ஒரு சுத்தற ஸ்டூலு, அது பேசண்டுக்கு. செவுத்தோரமா ஒரு சேரு, அது தொணைக்கு வந்தவங்களுக்கு. நான் சேருக்குப் போறேன். எனக்கு முன்னால மச்சான் போயி அதுல உக்காந்துட்டாரு. கால் மேல கால் வேற.

"பேசண்ட் யாருங்க?"ன்னு அந்தப் புள்ள கேட்டுச்சு.

நான் அவரக் கை காட்டறேன். அவரு என்னயக் கை காட்டறாரு.

"ரண்டு பேருமாங்க?"

"அம்மிணி, இவருக்குத்தான் வயிறு செரியில்ல, ஊருக்கே தெரியும்"னேன்.

"எனக்கு இன்னிக்கு நல்லபடியாப் போச்சும்மா. மாப்பளையக் கேளுங்க"ன்னாரு.

ஸ்டூல்ல உக்காந்தேன், வேற வழி? அந்தப் புள்ள கேக்க ஆரம்பிச்சுது பாருங்க. வெளிக்குப் போறதுல மாத்தம் தெரியுதான்னு கேட்டுச்சு. எத்தன நாளாங்குது, கெட்டியாப் போகுதா தண்ணியாப் போகுதாங்குது. சோறு கறியக் கேக்கற மாதிரி கேக்குது. எனக்கு எங்கிருந்தோ நைட் ஸ்கூல் தமிழு வந்துபோச்சு. "கழிவு நீக்கம் இயல்பாக நடைபெறுகிறது"ன்னேன்.

அந்தப் புள்ள பேனாவக் கீழ வெச்சுது. "அய்யா, இது பரீட்சை இல்ல. ஊட்டுல பேசற மாதிரி சொல்லுங்க."

"ஊட்டுல இதெல்லாம் பேசறதில்லீங்க அம்மிணி."

"சரி, நானே கேக்கறேன். வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதா?"

"ஆருக்குங்க?"ன்னேன்.

மச்சான் அதுக்குன்னே காத்துட்டிருந்த மாதிரி சேர்ல இருந்து எந்திரிச்சாரு. பென்சிலு, செவப்பு, பாக்கி இருக்கற மாதிரி, பெல்ட்டு, மாமனாரு கத, எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டாருங்க. நான் பந்தல்ல சொன்னத ஒரு வார்த்த மாறாம. எனக்கு வந்ததா அவருக்கு வந்ததான்னு எனக்கே சந்தேகம் வந்துபோச்சு. அந்தப் புள்ள ஒண்ணொண்ணா எழுதுது. எழுதி முடிச்சு என்னயப் பாத்து, "இதெல்லாம் சரிங்களா?"ன்னுச்சு. "சூடுங்க"ன்னேன்.

"சூடா இருந்தா இத்தன நாளு இருக்காதுங்கய்யா. மூலமாவும் இருக்கலாம். வேற ஏதாச்சும் இருக்கலாம். பாக்காம நீங்களும் நானும் எதிரெதிரா உக்காந்து ஊகம் பண்ணிட்டிருக்கறதுல புண்ணியமில்ல"ன்னுச்சு. நல்லாத்தான் பேசுச்சு, பொய் சொல்லக் கூடாது. அப்பறம் தெரைக்கு அந்தப்பக்கம் கூட்டிட்டுப் போயி, ஒருக்களிச்சுப் படுங்க, முட்டிய மடக்கிக்குங்கன்னு சொல்லுச்சு. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் பாத்திருப்பாங்க. பாத்தாங்கல்ல? நான் செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தேன். அங்க ஒரு காலண்டரு, அதுல ஒரு கொழந்த பல்லில்லாமச் சிரிச்சுட்டிருந்துச்சு. தெரைக்கு அந்தப்பக்கம் இருந்து மச்சான், "மூச்ச இழுத்து விடுங்க மாப்ள, தெரியாது"ன்னு சத்தம் குடுக்கறாரு. கட்டினவ பொறந்த எடத்துல இப்பிடி ஒரு ஒறவு ஆருக்கும் வாய்க்கக் கூடாதுங்க.

கையுறையக் கழட்டறப்ப அந்தப் புள்ள மூஞ்சில சிரிப்பக் காணம். அதுக்கு முன்னால நல்லாச் சிரிச்சுப் பேசிட்டிருந்த புள்ள. "கேமரா விட்டு ஸ்கோப்பு பண்ணிரலாங்கய்யா. இந்த வாரமே. தள்ளிப் போட வேண்டாம்"னு மட்டும் சொல்லுச்சு.

டாக்டருகன்னா அப்பிடித்தான். எல்லாத்துக்கும் தள்ளிப் போட வேண்டாம்பாங்க. நான் அத ஒண்ணும் பெருசா எடுத்துக்கல.

மச்சான் எடுத்துக்கிட்டாரு. பஸ்ஸுல வர்றப்ப ஜன்னலயே பாத்துட்டு வந்தாரு. நானே பேச்சுக் குடுத்தேன், "என்னங் மச்சான், இன்னிக்கு நிலவரம் எப்பிடி?"ன்னு. "உங்களுக்கு எல்லாமே வெளயாட்டு மாப்ள"ன்னாரு. கோவமுங்க. எனக்குத் தெரியாம என்னயக் கூட்டிட்டுப் போயி ஸ்டூல்ல உக்கார வெச்சு மானத்த வாங்குனது அவரு. கோவப்படறதும் அவரே. ஞாயமா இது?

இன்னொண்ணு கேளுங்க. இன்னிக்குக் காலைல இருந்து குரூப்புல அவரு குரலு வரல. நான் போனப் பாத்தேன். ஒரு பொம்பள கேட்டிருக்குது, "அண்ணா, இன்னிக்கு நிலவரத்தக் காணம்?"னு. இன்னொருத்தன் "ஸ்டாக்கு இல்லியா?"ன்னு போட்டிருக்கான்.  மரகதம் கேட்டதுக்கு மச்சான், "எனக்குத்தான் செக்கப்பு, மாப்ள தொணைக்கு வர்றாரு"ன்னு சொல்லி என்னயக் கூட்டிட்டு வந்திருக்காரு. அளவா ஒரு பொய்யி. பொய் சொல்றதுல கூட அந்த மனுசன் தன்ற வயித்தத்தான் முன்னால நிறுத்துவாரு பாருங்க.

நான் குடிக்கலாம்னுதானுங்க இருக்கறேன். அதுல ஒண்ணும் பயமில்ல. குடிச்சாப் போகோணும். போனா அந்த சிஸ்டர் புள்ள வந்து கலரு கேக்கும். கலரச் சொன்னா எழுதும். எழுதிட்டா அது இருக்குதுன்னு ஆயிரும். இப்ப அது இல்ல பாருங்க. இப்ப மச்சான் வாயில இருக்குது, பந்தல்ல கேலியா இருக்குது. என்ற வாயில இல்ல. நான் இன்னும் சொல்லல. புரியுதுங்களா நான் சொல்றது?

போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. அவசரத்துல நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கறேன். செருப்பு இந்தப்பக்கம் கெடக்குது.

வந்துட்டீங்களா. உக்காருங்க. இந்தா சிஸ்டர் புள்ளயும் வந்துருச்சு. கேளு கண்ணு, இவருகிட்டத்தான கேக்கற, கேளு.

நல்லாப் போச்சா? ஏனுங்க, "நல்லாப் போச்சு"ன்னா என்னங்க அர்த்தம்? கல்யாணம் நல்லாப் போச்சு, படம் நல்லாப் போச்சுங்கற மாதிரி. அந்தப் புள்ள கலரத்தான கேக்குது? மஞ்சளா இருந்தா மஞ்சள்னு சொல்லுங்க. கலங்கலா இருந்தாக் கலங்கல்னு சொல்லுங்க. இதுல என்ன கூச்சம்? அது எத்தன பேரப் பாத்திருக்கும். சொல்லாட்டி அதுக்கு எப்பிடித் தெரியும், சோசியமா பாக்கும்? மீசை வெச்ச ஆளு, படிச்சவராட்ட இருக்கறீங்க. எத்தன நாளா இருக்குது உங்களுக்கு? போன தீவாளில இருந்தா? ஊட்டுல? ஊட்டுல சொல்லலியா! பாரு கண்ணு, போன தீவாளில இருந்தாமா, பொண்டாட்டிகிட்டச் சொல்லலியாமா. இப்பிடிப்பட்ட ஆளுகளையெல்லாம் வெச்சுட்டு நீங்க எப்பிடி வைத்தியம் பாக்கறது? எழுதிக்க கண்ணு, கலங்கலா இருக்குதுன்னு எழுதிக்க. இன்னும் ஒரு டம்ளர் குடுத்துப் பாரு.

என்னயா?

நான் இன்னும் குடிக்கல கண்ணு. ஆறட்டும்னு… இல்ல, சூடா இல்லதான். தெரியும்.

சரி. மருந்துக்கு முன்னால காலைல போனப்ப எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கற. அதச் சொல்லியே ஆகோணுமா? மச்சானக் கேட்டீன்னா அவரு ஒரு மணி நேரம் சொல்லுவாரு, அவருக்கு எல்லாம் மனப்பாடம். இல்ல, நானே சொல்லோணுமா. சரி.

நீங்க கொஞ்சம் அந்தப்பக்கம் திரும்பிக்குங்க. நீங்கதானுங்க. ஜன்னலப் பாருங்க.

ரத்தம் கண்ணு. செவப்பா. மேல பட்ட மாதிரி இல்ல, கலந்து வருது. இன்னிக்கு மட்டுமில்ல. மாசில இருந்து. ஆமா, மெலிஞ்சுட்டேன். சோறு எறங்கறதில்ல. ராத்திரீல வயித்தப் புடிச்சுட்டு உக்காந்திருப்பேன், ஊட்டுக்காரி முழிச்சுக்கிட்டா கொசுன்னு சொல்லிருவேன். வேறயா? வேற இல்ல. இவ்வளவுதான். எழுதிட்டயா? எங்க காட்டு. எழுத்து அழகா இருக்குது கண்ணு.

நீங்க திரும்பலாமுங்க. கேட்டிருச்சா? கேட்டா என்ன, பரவால்ல.

கண்ணு, ஒரு ஒத்தாச. வெளிய பெஞ்சுல துண்டு வெச்சுட்டு ஒருத்தரு உக்காந்திருக்கறாரு. மாப்ள அவரு வாயாலயே சொல்லிட்டாருன்னு அவருகிட்டச் சொல்லிரு. வேற எதுவும் சொல்ல வேண்டாம். உள்ள வரேன்னு சொன்னாருன்னா விட்ராத. அழுதாருன்னா மட்டும் வரச் சொல்லு.

சரி, எங்க அந்தப் பாட்டிலு. நீங்க எத்தனாவது டம்ளர்லீங்க இருக்கறீங்க? நான் புடிச்சர்றேன் உங்கள.